தேங்காய் மட்டை போட்ட வட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகள் அறிவியல் பயிற்சித்தாளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மதிப்பெண் கேள்விகளை மளமளவென்று டிக் அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மாமா, நீர்ப்பரப்பில் தோன்றும் அலை எந்த வகைன்னு கேட்டிருக்கு. குறுக்கலை, நெட்டலை, ரெண்டுதான் இருக்கு. கைடுல குறுக்கலைன்னு போட்டிருக்கு. போட்டுடவா?"

"கொஞ்சம் இரு" என்றேன். அந்தக் கொஞ்சம் இரண்டு வாரமாக நீண்டுவிட்டது.

அவள் வயதில் நானும் அதே கேள்விக்கு அதே பதிலை எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியவன்தான். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடை தூரம். தினமும் சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடிவிட்டு, ஈரக்கால்சட்டையோடு வீட்டுக்கு வந்து, 'நீர் அலை ஒரு குறுக்கலை. அதில் துகள்கள் மேலும் கீழும் மட்டுமே அசையும்' என்று மனப்பாடம் செய்தேன். மேலும் கீழும் மட்டும்தானா? அலை வருவதற்கு முன்னால் தண்ணீர் காலைப் பிடித்துக் கடல் பக்கம் இழுக்கும். அலை தலைக்குமேல் வரும்போது கரைப் பக்கம் தள்ளும். கடலில் கால் வைத்த எல்லோருக்கும் இது தெரியும். என் உடம்புக்கும் தெரிந்திருந்தது. ஆனால் உடம்புக்குத் தெரிந்ததை நோட்டில் எழுதலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இவளுக்காவது அது நேரக்கூடாது என்று தோன்றியது.

முதலில் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணி காயப்போடும் நைலான் கொடியின் ஒரு முனையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். நடுவில் ஒரு சிவப்பு கிளிப்பை மாட்டினேன். "சுண்டு" என்றேன். ஒரு கூன் கயிற்றில் ஏறி மறுமுனைவரை ஓடியது. சுவரில் கட்டிய இடத்தில் மோதித் தலைகீழாகத் திரும்பி வந்தது.

"கூனைப் பார்க்காதே, கிளிப்பைப் பார்" என்று இரண்டாவது முறை சுண்டச் சொன்னேன். கூன் வந்தபோது கிளிப் மேலே ஏறியது, போனதும் இறங்கிப் பழைய இடத்துக்கே வந்தது. ஓர் அங்குலம்கூட சுவர்ப் பக்கம் நகரவில்லை. அலை போகும் திசை ஒன்று, துகள் அசையும் திசை அதற்குக் குறுக்கே. குறுக்கலை என்ற பெயர் இந்தக் கொடிக்கயிற்றுக்கு அப்படியே பொருந்தும். வீணைத் தந்திக்கும் பொருந்தும்.

கிளிப் ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டேன். "பக்கத்துக் கயிறு இழுக்குது" என்றாள். சரியான பதில். குறுக்கலைக்கு வேண்டியது அந்தப் பக்கவாட்டு இழுப்புதான். ஒரு துணுக்கு மேலே போனால் பக்கத்துத் துணுக்கையும் கூடவே இழுக்க வேண்டும், அதே சமயம் தன் இடத்துக்குத் திரும்பவும் துடிக்க வேண்டும். கயிறு, தந்தி, பாறை, இரும்பு இவற்றிலெல்லாம் அந்தப் பிடிப்பு உண்டு. காற்றில் கிடையாது.

ஆகவே ஒலிக்கு வேறு வழிதான். பரணில் கிடந்த பழைய வூஃபர் ஒலிபெருக்கியை இறக்கினேன். போனில் ஒரு செயலியை வைத்து 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, கூம்புக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தோம். காதுக்கு அது ஒரு முனகல்தான். சுடரோ கூம்பை நோக்கியும் விலகியும் அடித்துக்கொண்டு, இரண்டு சுடர் போலத் தெரிந்தது. மேலும் கீழும் துள்ளவில்லை. ஒலி போகிற அதே கோட்டில் முன்னும் பின்னும் ஆடியது. காற்றின் ஒரு துணுக்கு பக்கத்துத் துணுக்கை முட்டித் தள்ளுகிறது, அது அடுத்ததை முட்டுகிறது, முட்டிய துணுக்கு பின்வாங்குகிறது. இடையிடையே நெருக்கமும் தளர்வும் உண்டாகி நொடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இது நெட்டலை.

இந்த இடத்தில் 'துகள்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் ஒலி இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்ந்து, ஒன்றோடொன்று மோதித் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. அலைப் பாடத்தில் துகள் என்று சொல்வது அந்தத் தனி மூலக்கூறை அல்ல. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கிய ஒரு சிறு காற்றுத் துணுக்கை. அந்தத் துணுக்கு, ஒட்டுமொத்தமாக, முன்னும் பின்னும் ஆடுகிறது.

எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால், நம் காதருகே காற்று ஆடுவது 10 நானோமீட்டர் அளவுதான். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியிலோ அந்த ஆட்டம் ஓர் அணுவின் அளவைவிடக் குறைவு. அம்மா அடுத்த அறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டது காதில் விழுகிறதே, அதற்குக் காற்று அவ்வளவு சின்ன அசைவு அசைந்தால் போதும். இதைச் சொன்னபோது அவள் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, வாயருகே கையை வைத்து எதையோ முணுமுணுத்துப் பார்த்தாள்.

இனி தண்ணீர். காற்றைப் போலவே தண்ணீருக்கும் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது. ஓர் அடுக்கைப் பக்கமாகத் தள்ளினால் அது அடுத்த அடுக்கின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி வரவேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. அதனால் கடலின் உள்ளே குறுக்கலை ஓடவே முடியாது. திமிங்கிலத்தின் குரல் நெட்டலையாகத்தான் போகும், நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில்.

இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டே மனிதன் பூமியின் வயிற்றைப் பார்த்திருக்கிறான். நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேர்வது நெட்டலை, பின்னால் வருவது குறுக்கலை. பிரிட்டிஷ் நிலவியலாளர் ரிச்சர்ட் ஓல்டாம் 1906-இல் நிலநடுக்கப் பதிவுகளை வைத்து, பூமியின் மையத்தில் அலைகளைத் தாமதப்படுத்தும் ஒரு கருவம் இருக்கிறது என்று காட்டினார். குறுக்கலை அந்தக் கருவத்தைக் கடந்து வருவதே இல்லை. அப்படியானால் அது திரவம். 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமான், அந்தத் திரவத்துக்குள்ளும் நடுவில் வேறொரு உட்கருவம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். யாரும் 3,000 கிலோமீட்டர் தோண்டிப் பார்க்கவில்லை. துகள் எந்தத் திசையில் ஆட முடியும், எந்தத் திசையில் ஆட முடியாது என்ற அறிவு போதுமானதாக இருந்தது.

சரி, கடலின் உள்ளே குறுக்கலை இல்லை என்றால், மேற்பரப்பில் ஏறி இறங்குகிறதே, அது என்ன?

அங்கே திரும்ப இழுக்கும் வேலையைப் புவியீர்ப்பு எடுத்துக்கொள்கிறது. மேலே குவிந்த தண்ணீரை அது கீழே இழுக்கிறது. ஆனால் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஓரிடத்தில் தண்ணீர் மேடு கட்ட வேண்டுமானால் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தாக வேண்டும், பள்ளம் விழ வேண்டுமானால் பக்கத்துக்குப் போயாக வேண்டும். குடத்தில் நீர் மட்டம் உயர வேண்டுமென்றால் எங்கிருந்தாவது ஊற்ற வேண்டும் அல்லவா, அதே கணக்குதான். எனவே மேலும் கீழுமான அசைவு மட்டும் இருக்கவே முடியாது. முன்னும் பின்னுமான அசைவும் கூடவே வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது நடுவில் இருக்கும். ராட்டினத்துப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும்போது அது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, பக்கவாட்டில் மட்டும் போகும். பாதி உயரத்தில் இருக்கும்போது நேராக ஏறும் அல்லது இறங்கும். ஆழ்கடல் அலையில் ஒவ்வொரு நீர்த்துணுக்கும் அப்படித்தான் வட்டமடிக்கிறது. அலையின் முகட்டில் இருக்கும்போது அலையோடு சேர்ந்து முன்னால் போகிறது, பள்ளத்தில் இருக்கும்போது எதிர்த்திசையில் பின்னால் வருகிறது. சின்ன வயதில் என் காலைக் கடல் பக்கம் இழுத்தது பள்ளம். கரைக்குத் தள்ளியது முகடு.

பிராகு நகரத்துக் கணிதவியலாளர் கெர்ஸ்ட்னர் 1802-லேயே இந்த வட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டார். ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள், எர்ன்ஸ்ட்டும் வில்ஹெல்மும், கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட குறுகலான தொட்டியில் அலை எழுப்பி, நீரில் மிதந்த நுண்துகள்கள் சுற்றுவதைக் கண்ணால் பார்த்து 1825-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் நம் பிள்ளைகளுக்கு இரண்டே கட்டங்களைக் கொடுத்து ஒன்றில் டிக் அடிக்கச் சொல்கிறோமே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஓர் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில், 8 நொடிக்கு ஒன்று வருகிற, 1 மீட்டர் உயரமுள்ள அலை. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 100 மீட்டர். அலையின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். அதற்குள்ளே இருக்கிற தண்ணீரின் வேகம்? 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை 8 நொடியில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். நொடிக்கு 40 சென்டிமீட்டர். தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் வேகம். கடலைப் பார்க்கும்போது பஸ்ஸைப் பார்க்கிறோம். தண்ணீரோ அதே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆழத்துக்குப் போகப் போக வட்டம் சுருங்கும். 25 மீட்டர் ஆழத்தில் விட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். 50 மீட்டரில், அதாவது அலைநீளத்தில் பாதி ஆழத்தில், 4 சென்டிமீட்டர். மேலே கப்பல் தள்ளாடும்போது நீர்மூழ்கி நிம்மதியாகப் போக முடிவது இதனால்தான். கரைக்கு அருகே கதை வேறு. கீழே தரை இருக்கிறது, தண்ணீரால் தரைக்குள் இறங்க முடியாது. ஆகவே வட்டம் அமுங்கி முட்டை வடிவமாகி, தரையை ஒட்டிய இடத்தில் வெறும் முன்-பின் ஆட்டமாகிவிடுகிறது. தெளிந்த கடலில் முங்கிக் கண் திறந்து பார்த்தவர்கள், தரையில் பாசி ஒருமுறை கரைப்பக்கமும் ஒருமுறை கடல்பக்கமும் சாய்வதைப் பார்த்திருப்பார்கள். ஆக, ஒரே அலையில், மேலே வட்டம், நடுவே முட்டை, அடியில் கோடு.

கன்னியாகுமரி, கேரளக் கடற்கரைகளில் 'கள்ளக்கடல்' என்று ஒரு சொல் உண்டு. உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத நாளில் கள்ளனைப் போலச் சொல்லாமல் வந்து கரையேறும் கடல். அந்த அலைகள் பிறப்பது அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் புயல்களில். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, பல நாள் கழித்து நம் கரைக்கு வருகின்றன. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதே பெயரில் முன்னெச்சரிக்கை தருகிறது. வால்டர் முங்க் என்ற கடலியலாளர் 1963-இல் இப்படித் தெற்கே பிறந்த அலைகளை நியூசிலாந்து முதல் அலாஸ்காவரை பசிபிக் முழுக்க நிலையங்கள் அமைத்துப் பின்தொடர்ந்து காட்டினார். குமரியில் பாறையை அறைகிற அந்தத் தண்ணீரில் தென்கடல் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. அறைவது நம் ஊர்த் தண்ணீர். வந்து சேர்ந்தது ஆட்டம் மட்டும். அது எனக்கு எப்போதும் சிலிர்ப்பூட்டுகிற விஷயம்.

அவளிடம் இதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து, "சுனாமியும் அப்படித்தானாடா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாகப்பட்டினத்துக்காரர்கள் அந்தச் சொல்லைப் போகிறபோக்கில் சொல்வதில்லை.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே நிலநடுக்கம், நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை எங்கள் கரைக்கு வந்தபோது கிட்டத்தட்ட 9 மணி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். என் பள்ளி நண்பனின் அப்பா அன்று கடலில் இருந்தார். நாற்பது பாகத் தண்ணீரில் வலை போட்டிருந்தார்கள். ஒரு பாகம் என்பது 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பல மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது, என்ன தெரிந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல தம்பி. நீவாடு மட்டும் கொஞ்சம் முறுக்கா இருந்துச்சு. வல ஒதுங்குதேன்னு நெனச்சோம். வழக்கம்போல இழுத்து ஏத்திக்கிட்டுத் திரும்பினோம். கரை கிட்ட வர வர கதவு மெதக்குது, பாத்திரம் மெதக்குது. அப்பதான்..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அவருடைய தங்கை வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். அவர் சொன்ன அந்த ஒரு வரி பல வருடம் என் மனதில் கிடந்தது. பின்னால் அலைக் கணக்கைப் படித்தபோதுதான் அவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு முன்னால் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலும் ஒரு தாம்பாளத் தண்ணீர்தான். கரையோரத்தில் பார்த்தோமே, வட்டம் அமுங்கிக் கோடாவதை, அது சுனாமிக்கு நடுக்கடலிலேயே நடந்துவிடுகிறது. மேலிருந்து அடிவரை முழுத் தண்ணீரும் ஒன்றாக முன்னும் பின்னும் நகர்கிறது. அன்று கடலுக்குமேல் தற்செயலாகக் கடந்துபோன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த அலை 60 சென்டிமீட்டர் அளவுதான். 4,000 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். தண்ணீரின் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர், எறும்பு ஊரும் வேகம். அலை 20 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு நீர்த்துணுக்கு மொத்தமாக 10 மீட்டர் அளவுக்குத்தான் போய்த் திரும்புகிறது. அதற்குமேல் மிதக்கிற படகில் யாருக்கு என்ன தெரியும்?

நாற்பது பாகத்தில் கொஞ்சம் தெரியும். ஆழம் குறையும்போது அலை மெதுவாகி உயர்கிறது. அங்கே ஒன்றரை மீட்டர் உயர்ந்திருக்கலாம். ஆனால் அந்த உயரம் ஏறப் பல நிமிடங்கள் ஆகும், எந்தக் கண்ணுக்கும் தட்டுப்படாது. தண்ணீரின் வேகமோ நொடிக்கு அரை மீட்டராகக் கூடியிருக்கும், மேற்பரப்பிலிருந்து தரைவரை. வலை ஒதுங்கும். நீவாடு முறுக்காகத் தெரியும். அவர் உணர்ந்தது சுனாமியின் துகள் இயக்கத்தை. அதை உணர்ந்த கைக்கு, அது சுனாமி என்று அறிய அன்றைக்கு எந்த வழியும் இல்லை.

அன்று தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்தது முகடு. நிலநடுக்கம் உண்டான பிளவின் மேற்குப் பக்கத்தில் கடல்தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. மேற்கே வந்த அலைக்கு முகடு முன்னால், கிழக்கே போன அலைக்குப் பள்ளம் முன்னால். முகட்டில் தண்ணீர் அலையோடு போகும், பள்ளத்தில் எதிர்த்து வரும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற எந்தக் குழந்தைக்கும் தெரிந்த அதே விதிதான் அங்கே கடலை வெகுதூரம் பின்வாங்க வைத்தது. கடல் உள்ளே போகிறது என்றால் பள்ளம் வந்திருக்கிறது, பின்னால் முகடு வரும், ஓட வேண்டும். மனப்பாடத்துக்காக அல்லாமல் இதற்காக அலைப்பாடம் நடத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஏழு வருடம் கழித்து, 2012 ஏப்ரல் 11 மதியம், நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் இருந்தேன். யாரோ நாற்காலியை மெதுவாக ஆட்டுவதுபோல இருந்தது. தலைசுற்றல் என்று நினைத்து மேசையைப் பிடித்தேன். எதிரே இருந்த பாட்டிலில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கம் போனது. எல்லோரும் படியிறங்கி ஓடினோம். மறுபடியும் சுமத்ரா, 8.6 அளவு என்று செய்தி வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்ட அந்தச் சில நிமிடங்களை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. லைன் கிடைக்கவில்லை.

அன்று பெரிய சுனாமி வரவில்லை. அந்த நிலநடுக்கத்தில் கடல்தரையின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. 2004-இல் போலத் தரை மேலே தூக்கவில்லை. தரை தண்ணீரைத் தூக்காமல் அடியில் வழுக்கினால், பிடிப்பில்லாத தண்ணீர் அதைக் கண்டுகொள்ளாது. கயிற்றில் இருக்கும் பக்கவாட்டுப் பிடிப்பு தண்ணீரில் இல்லாதது, அன்று எங்கள் ஊரைக் காப்பாற்றியது.

சுமார் 1,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த என்னை ஆட்டியவை நிலத்தின் மேற்பரப்பிலேயே ஓடும் அலைகள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நிலம் பாம்பு ஊர்வதுபோல இடமும் வலமும் நெளியும். 1911-இல் அகஸ்டஸ் லவ் கணக்குப் போட்டுச் சொன்னதால் அது லவ் அலை. மற்றது ரேலி அலை. ரேலி பிரபு 1885-இல் காகிதத்திலேயே கண்டுபிடித்தார். தொலைவில் நடந்த நிலநடுக்கத்தை ஒரு கருவி முதன்முதலாகப் பதிவு செய்ததே அதற்கு நான்கு வருடம் கழித்து, ஜெர்மனியின் பாட்ஸ்டாமில், ஜப்பான் நிலநடுக்கத்தை வைத்துத்தான்.

ரேலி அலையிலும் நிலத்தின் துணுக்கு சுற்றுகிறது, கடல் நீரைப் போலவே. ஆனால் எதிர்த் திசையில்! கடலில் முகட்டில் இருக்கும் நீர் அலை போகும் திசையில் போகும் என்று சொன்னேன். ரேலி அலையில் முகட்டில் இருக்கும் மண் அலைக்கு எதிராகப் பின்னால் போகிறது. ஆழத்துக்குப் போனால், அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் சுற்று நின்று, அதற்குக் கீழே திசை மாறி, கடலைப் போலவே சுற்றத் தொடங்குகிறது. நிலமும் கடலும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுகின்றன என்பதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2004-இல் எழுந்த ரேலி அலைகளில் உலகத்தின் எல்லா இடத்திலும் தரை குறைந்தது 1 சென்டிமீட்டராவது அசைந்தது. நீங்கள் அன்று எங்கே இருந்திருந்தாலும் உங்கள் காலடி மண்ணும் அப்படி ஒரு சுற்றுச் சுற்றியது.

ஒளியைப் பற்றியும் கேட்டாள். அதில் துகளே ஆட வேண்டியதில்லை, மின்புலமும் காந்தப்புலமும் குறுக்கே ஆடுகின்றன என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அது தனியாக எழுத வேண்டிய கதை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் கற்சுவர் ஒன்று உண்டு, தூண்டில் வளைவு என்பார்கள். பாறைகளின்மேல் பார்த்துப் பார்த்து நடந்து, அலை உடைகிற இடத்தைத் தாண்டிய பகுதிக்குப் போய் உட்கார்ந்தோம். முன்பு படகிலிருந்து இந்த வட்டத்தைப் பார்க்க முயன்று எனக்குத் தோல்விதான். படகும் தண்ணீரோடு சேர்ந்தே சுற்றுவதால் பக்கத்தில் மிதப்பது அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். சுற்றாத ஒன்றின்மேல் நாம் உட்கார வேண்டும்.

தண்ணீரில் ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, நீருக்குமேல் தலை காட்டிய பாறை ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டோம். அலை வரும்முன் மட்டை கடல் பக்கம் பின்வாங்கியது. பிறகு உயர்ந்தது. முகட்டில் பாறையைத் தாண்டிக் கரைப் பக்கம் போனது. இறங்கியது. மறுபடி பின்வாங்கியது. அங்கே ஆழம் குறைவு, அதனால் நல்ல வட்டமில்லை. உயரத்தைப்போல இரண்டு மடங்கு அகலமான முட்டை. அவள் விரலைக் காற்றில் வைத்து அதன் கூடவே சுற்றினாள். நாலைந்து அலைக்குப் பிறகு விரலும் மட்டையும் ஒன்றாகச் சுற்றின.

அப்புறம் அவளே கவனித்தாள்.

"மாமா, மட்டை தொடங்கின எடத்துக்கு வரல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைப்பக்கம் தள்ளி முடியுது."

நான் சொல்ல மறந்தே போயிருந்தேன். மேலே இருக்கும்போது முன்னால் போகிற வேகம், கீழே இருக்கும்போது பின்னால் வருகிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆழத்தில் அசைவு குறைகிறது அல்லவா, அந்த வித்தியாசம்தான். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மிச்சம் விழும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1847-இல் இதைக் கணக்கிட்டார். மேலே சொன்ன அந்த 8 நொடி அலையில் மிச்சம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு நாள் முழுக்க சேர்ந்தால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். மட்டையைக் காற்றும் தள்ளுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தப் பயிற்சித்தாளை எடுத்து, குறுக்கலை, நெட்டலை என்று இருந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். ஒரு சுற்று, அது மூடுவதற்குள் அடுத்த சுற்று, பிறகு இன்னொன்று. வரைகிற கை காகிதத்தின் ஓரத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி மட்டையைத் தேடினாள். அது பாறையைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது.